பழைய வெப்லாஜிக் சர்வரும் எஸ்எஸ்ஆர்எஃப் அறிக்கையும்: இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது?

மண்டபம்முனை | மே 21, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், நண்டும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பொறுப்பு முழுவதும் என் ஒருவன் தலையில் இருக்கிறது. லாட் எண், பெட்டி எண், சரக்கு இறங்கிய நாள், விலைப்பட்டியல் ஆகிய அனைத்தும் 2012-இல் ஜாவாவில் எழுதி வாங்கிய ஒரு மென்பொருளில் ஓடுகின்றன. அது ஜாவா மென்பொருள்களை ஓட்டும் ஆரக்கிள் நிறுவனத்தின் சர்வரான வெப்லாஜிக் 10.3.6 பதிப்பின் மேல் நிற்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் கடையைக் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சரக்கு வாங்குபவர்கள் தங்கள் ஆர்டர் நிலவரத்தை வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக 7001 என்ற போர்ட்டை, அதாவது சர்வரின் இணைப்பு வாசலை, இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறோம். திட்டுவதற்கு முன் கேள்வியையும் படித்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனை அறிக்கை இல்லாமல் அடுத்த ஒப்பந்தம் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டதால், வெளியிலிருந்து ஒரு சோதனையாளரை அழைத்தோம். அவர் எஸ்எஸ்ஆர்எஃப் (வெளியாள் சொல்லும் முகவரிக்கு நம் சர்வரையே கோரிக்கை அனுப்ப வைக்கும் ஓட்டை) என்ற தலைப்பின் கீழ் இரண்டு இடங்களைச் சிவப்பில் குறித்திருக்கிறார். முதலாவது, வலைச் சேவைகளின் பதிவேட்டில் தேடுவதற்கான யூடிடிஐ எக்ஸ்புளோரர் என்ற பக்கம். அது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கேட்காமல் திறந்துகொள்கிறது. தேட வேண்டிய பதிவேட்டின் முகவரியை எழுதும் இடத்தில் எங்கள் உள் நெட்வொர்க்கின் முகவரி ஒன்றை எழுதினால், எங்கள் சர்வரே அந்த முகவரிக்குப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு பிழைச் செய்தியோடு திரும்புகிறது. இரண்டாவது, பெட்டிச் சீட்டு அச்சிடும் பகுதி. வாங்குபவர் தம்முடைய சீட்டு வடிவம் இருக்கும் வலை முகவரியைக் கொடுத்தால், எங்கள் சர்வர் அதை எடுத்து வந்து பிடிஎஃப் ஆக மாற்றித் தருகிறது.

அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டேன். எவரும் உள்ளே நுழையவில்லை, எந்தத் தரவும் வெளியே போகவில்லை, சர்வர் ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுப் பிழை என்கிறது, அவ்வளவுதான். இதற்கு எதற்கு உயர் அபாயம் என்ற முத்திரை? இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வந்துகொண்டிருக்கிறது. சர்வரை நிறுத்தி எதையாவது செய்வதென்றால் ஜூன் 14-க்குள் செய்ய வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தக் கேட்டாலும் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார்.

தென்கடல் | மே 21, இரவு 11.05

தம்பி, அந்தப் பக்கம் தரும் பிழைச் செய்திகள் எல்லாம் ஒரே வாசகமாக இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? மூடியிருக்கும் போர்ட்டைக் கொடுத்தால், சர்வரோடு இணைய முடியவில்லை என்று உடனே சொல்லிவிடும். திறந்திருக்கும் போர்ட்டில் ஏதேனும் ஒரு வலைச் சேவை ஓடிக்கொண்டிருந்தால், மறுமொழி வந்தது, ஆனால் அது முறையான சோப் (வலைச் சேவைகள் பேசிக்கொள்ளும் செய்தி வடிவம்) வகையில் இல்லை என்று சொல்லும். அந்த முகவரியில் கணினியே இல்லையென்றால் போக வழியில்லை என்று சொல்லும், அல்லது நெடுநேரம் காக்க வைத்துவிட்டுச் சொல்லும். இந்த மூன்று வகைப் பிழைகளையும் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவர், வரிசையாக 254 முகவரிகளையும் பத்துப் பதினைந்து போர்ட்டுகளையும் ஒரு சிறு நிரலில் போட்டு விட்டால், உங்கள் நிறுவனத்துக்குள் எந்தெந்த எண்ணில் என்னென்ன இயந்திரம் இருக்கிறது என்ற கணக்கு விடிவதற்குள் அவர் கையில் இருக்கும். உங்கள் ஃபயர்வாலுக்கு இதில் எந்த வேலையும் இல்லை, ஏனென்றால் தேடுவது உங்கள் சொந்தச் சர்வர்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. சிவிஇ-2014-4210 என்ற எண்ணில் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) 2014 ஜூலை மாதத்துப் பேட்ச், அதாவது திருத்தத் தொகுப்பில் ஆரக்கிள் இதைச் சரிசெய்துவிட்டது, 10.0.2.0, 10.3.6.0 ஆகிய இரண்டு பதிப்புகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. உங்களிடம் அது இன்னும் வேலை செய்கிறது என்றால், அந்தப் பேட்சையோ அதற்குப் பின் வந்தவற்றையோ போடவில்லை என்று பொருள்.

யூடிடிஐ பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிறுவனங்கள் எல்லாம் தம் வலைச் சேவைகளை ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கும், தேவைப்பட்டவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள் என்ற கனவில் பிறந்தது அது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகிய மூன்றும் நடத்திவந்த பொதுப் பதிவேடுகள் 2006 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டன. உங்கள் மென்பொருள் பிறந்தபோது பதிவேடு செத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைத் தேடும் பக்கம் மட்டும் இன்று வரை உங்கள் சர்வரில் திறந்து கிடக்கிறது.

வாடைக்காற்று | மே 22, காலை 7.15

தென்கடல் அவர்கள் பயமுறுத்துவதில் வல்லவர் என்பதை இங்கே எல்லோரும் அறிவோம். நானும் இதே மாவட்டத்தில் இரண்டு தொழிற்சாலைகளுக்கு இந்த வேலையைப் பார்ப்பவன் என்பதால் என் கருத்தையும் பதிவு செய்கிறேன். அவர் குறிப்பிட்ட அதே சிவிஇ-க்கு அந்நாளில் கொடுக்கப்பட்ட மதிப்பெண் பத்துக்கு ஐந்து. அதாவது நடுத்தரம். சோதனையாளர்கள் கூலிக்கு ஏற்ற கனத்தில் அறிக்கை தர வேண்டும் என்பதற்காக எதைக் கண்டாலும் சிவப்புப் பூசுகிறார்கள். வீட்டுக்குள் எத்தனை அறை இருக்கிறது என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டதனால் வீடு கொள்ளை போய்விடாது. ஒவ்வொரு அறைக்கும் பூட்டு இருக்கிறது. அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் தம்பி.

கீழக்கரையான் | மே 22, பகல் 1.30

ஜும்ஆ முடிந்து வந்து இந்த இழையைப் படித்தேன். வளைகுடாவில் பத்தொன்பது ஆண்டுகள் நெட்வொர்க் வேலையே பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்: ஒவ்வொரு அறைக்கும் பூட்டு இருக்கிறது என்று வாடைக்காற்று எழுதியிருக்கிறாரே, அந்தப் பூட்டை நான் எந்த நிறுவனத்திலும் கண்டதில்லை. வெளிவாசலில் இரும்புக் கதவு போட்டவர்கள், உள்ளே வந்தவன் நம்மவன்தான் என்று எண்ணி அறைகளைச் சாத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6379 என்ற போர்ட்டில், உள் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கடவுச்சொல்லே இல்லாமல் அதை நிறுவுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அது வரி வரியாகக் கட்டளை படிக்கும். யூடிடிஐ பக்கத்தில் கொடுக்கும் முகவரிக்குள் வரி முறிக்கும் எழுத்துகளை மறைத்து வைத்தால், வெப்லாஜிக் அனுப்பும் கோரிக்கையே பல வரிகளாக உடைந்து, நடுவில் உள்ள வரிகள் ரெடிஸுக்குக் கட்டளைகளாகப் போய்ச் சேரும். அந்தக் கட்டளைகளைக் கொண்டு, கணினி குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வேலைகளின் அட்டவணைக் கோப்பை எழுதி, அங்கிருந்து முழு ஆளுகையையும் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஐந்து மதிப்பெண் பெற்ற ஓட்டைதான் அதற்கு முதல் படி. இப்படிப் பலர் கை வைத்த பிறகு ரெடிஸ்காரர்களே, போஸ்ட் என்றோ ஹோஸ்ட் என்றோ தொடங்கும் வரி வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும்படி மாற்றிக்கொண்டார்கள். மதிப்பெண் ஓட்டைக்குத் தரப்படுகிறது. அதற்குப் பின்னால் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்பது மதிப்பெண் போட்டவருக்குத் தெரியாது.

பெரிய நிறுவன மென்பொருள்களில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2012-ஆம் ஆண்டுப் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டிலேயே, எஸ்ஏபி அமைப்புகளை வைத்து விரிவாகக் காட்டிவிட்டார்கள். 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வருக்கு அவசரப் பேட்ச் வந்தது நினைவிருக்கும். அப்போதைய தாக்குதல் சங்கிலியின் முதல் கண்ணியான சிவிஇ-2021-26855 என்ற ஓட்டையும் எஸ்எஸ்ஆர்எஃப்தான். கடவுச்சொல் ஏதும் இல்லாத ஒருவர், எக்ஸ்சேஞ்ச் சர்வரின் சொந்த அதிகாரத்தில் உள்ளே கோரிக்கை அனுப்ப அது வழி விட்டது. இந்த விவகாரம் பழங்கதையும் அன்று. 2025 அக்டோபரில் ஆரக்கிள் தன் இ-பிசினஸ் சூட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்கு வெளியிட்ட அவசர எச்சரிக்கைகளில் ஒன்றான சிவிஇ-2025-61884 இதே இனத்தைச் சேர்ந்தது.

தென்கடல் | மே 22, பகல் 2.10

கீழக்கரையான் காக்கா சொன்னதை நம் ஊர் வழக்கில் சொன்னால், மீன்துறை டோக்கன் வாங்கிய படகில் வேறொருவன் ஏறிப் போவதைப் போன்றது. படகைத்தான் சரிபார்க்கிறார்கள்.

தொண்டிக்காரி | மே 22, மாலை 6.20

அந்த உவமை முழுவதும் பொருந்தாது, தென்கடல் அண்ணன். இங்கே எவரும் படகில் ஏறவே இல்லை. கரையில் நின்றுகொண்டு, போகிற படகிடம் இன்ன இடத்தில் வலையைப் போடு என்று சொல்லியனுப்புகிறார்கள். படகும் மறுக்காமல் போட்டுவிட்டு வருகிறது. இந்த வேறுபாட்டை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எவரோ நுழைந்துவிட்டார்கள் என்று நினைத்தால் நுழைவாசலையே பலப்படுத்திக்கொண்டிருப்போம், ஆனால் குறை இருப்பது சொன்ன இடத்துக்கெல்லாம் போகும் சர்வரிடம்.

இழையைத் தொடங்கியவரிடம் எனக்கு ஒரு கேள்வி. எல்லோரும் யூடிடிஐ பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் கவலையாக இருக்கிறது. முதலாவதில் பிழைச் செய்தி மட்டும் திரும்பி வருகிறது. இரண்டாவதில் எடுத்து வந்ததையே பிடிஎஃப் ஆக்கிக் கையில் கொடுக்கிறது. அந்தப் பிடிஎஃப் வேலையைச் செய்வது ஜாவாவா, வெளிக் கருவியா? சீட்டு வடிவம் என்ற இடத்தில் உங்கள் உள் முகவரி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தீர்களா?

மண்டபம்முனை | மே 23, இரவு 12.50

சகோதரி கேட்ட கேள்வியால் இன்று இரவு தூக்கம் போய்விட்டது.

பிடிஎஃப் ஆக்குவது டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் என்ற வெளிக் கருவி. முகவரியை வாங்கிக்கொண்டு ஜாவா நிரல் அதை ஏவிவிடுகிறது. எங்களிடம் மூன்று குளிரறைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கு 192.168.10.40 என்ற முகவரியில் ஒரு சிறு வலைப்பக்கம் உண்டு, கடவுச்சொல் கிடையாது. நிறுவியவர் இது உள்ளே மட்டும்தானே என்று சொல்லிவிட்டுப் போனார், நானும் தலையாட்டினேன்.

என் வீட்டு இணைப்பின் வழியாக, வாங்குபவர் கணக்கு ஒன்றில் நுழைந்து, சீட்டு வடிவ முகவரி என்ற கட்டத்தில் அந்த எண்ணை எழுதி அச்சிடு என்ற பொத்தானை அழுத்தினேன். நான்கு விநாடியில் பிடிஎஃப் வந்தது. நண்டின் வகையும் எடையும் லாட் எண்ணும் வர வேண்டிய சதுரத்துக்குள், அறை 1: மைனஸ் 19.2, அறை 2: மைனஸ் 18.4, அறை 3: கதவு திறந்துள்ளது என்று அச்சாகியிருந்தது. குளிரறைக் கண்காணிப்பாளரைக் கைப்பேசியில் அழைத்து மூன்றாம் அறைக் கதவைக் கேட்டேன். பனிக்கட்டி ஏற்றுவதற்காகத் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னவர், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பெட்டியின் அமைப்பை மாற்றும் பக்கம், முகவரியின் கடைசியில் அறை எண்ணையும் புதிய வெப்பநிலையையும் சேர்த்தாலே ஏற்றுக்கொள்கிறது. கண்காணிப்பாளரைச் சுவர் அருகில் நிறுத்திவிட்டு, காலியாக இருக்கும் முதல் அறையின் அளவை மைனஸ் 20-இலிருந்து மைனஸ் 19 ஆக்கும் முகவரியை அதே கட்டத்தில் எழுதி அச்சிடச் சொன்னேன். பெட்டி ஒரு முறை கூவியது, எண் மாறியது என்று அவர் கைப்பேசியில் சொன்னார். மைனஸ் 19-க்குப் பதிலாகப் பிளஸ் 10 என்று ஒருவர் இரண்டாம் அறைக்கு எழுதியிருந்தால், திங்கட்கிழமை ஏற்ற வேண்டிய சரக்கு முழுவதும் போயிருக்கும். எவரும் உள்ளே நுழையவில்லை, எந்தத் தரவும் வெளியே போகவில்லை என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அந்த வரியை அழிக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

உடனடியாக, கொடுக்கப்படும் முகவரியில் உள் நெட்வொர்க்கைக் குறிக்கும் 192.168 என்றோ, சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்றோ லோக்கல்ஹோஸ்ட் என்றோ இருந்தால் மறுக்கும்படி மூன்று வரி நிரல் சேர்த்திருக்கிறேன். இப்போதைக்கு இது போதுமா?

தொண்டிக்காரி | மே 23, காலை 8.05

போதாது. நீங்கள் தூங்கி எழுந்ததும் அதே கட்டத்தில் 3232238120 என்ற எண்ணை மட்டும் எழுதிப் பாருங்கள். அது உங்கள் குளிரறைப் பெட்டியின் முகவரியேதான். நான்கு பகுதிகளையும் சேர்த்து ஒரே பதின்ம எண்ணாக எழுதியிருக்கிறேன். உங்கள் நிரல் எழுத்துகளை ஒப்பிடுகிறது, இணைப்பை ஏற்படுத்தும் நிரலோ எண்ணைப் படிக்கிறது. இரண்டும் ஒரே முகவரியை இரு விதமாகப் புரிந்துகொள்ளும் இடத்தில்தான் இந்தத் தாக்குதல்கள் எல்லாம் நுழைகின்றன. பணிகளைக் கண்காணிக்கும் ஜிரா என்ற மென்பொருளில் 2019-இல் வெளிவந்த சிவிஇ-2019-8451 என்ற ஓட்டையும் இப்படிப்பட்டதே. அங்கே அனுமதிப் பட்டியல் இருந்தது. ஆனால் முகவரியின் நடுவில் ஒரு அட் குறியை (@) செருகினால், பட்டியலைப் பார்க்கும் நிரல் அதற்கு முன்னால் உள்ள நல்ல பெயரைக் கண்டு அனுமதித்தது, கோரிக்கை அனுப்பும் நிரல் அதற்குப் பின்னால் உள்ள பெயருக்குப் போனது.

அந்த எண்ணைத் தடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான் எனக்குச் சொந்தமான ஒரு நல்ல வலை முகவரியைக் கொடுக்கிறேன், அது உங்கள் சோதனையில் தேறிவிடுகிறது. உங்கள் கருவி அங்கே வந்ததும், பக்கம் இடம் மாறிவிட்டது, 192.168.10.40-க்குப் போ என்று திருப்பிவிடுகிறேன், அது போய்விடும். திருப்பிவிடுதலையும் அடைத்தால், என் பக்கத்துக்குள்ளேயே ஒரு உட்சட்டம் (வேறொரு பக்கத்தைக் காட்டும் சதுரம்) வைத்து, அதில் உங்கள் குளிரறைப் பெட்டியின் முகவரியை எழுதிவிடுவேன். உங்கள் டபிள்யூகே கருவி உள்ளே ஒரு முழு உலாவி. பக்கத்தில் உள்ள படங்களையும் உட்சட்டங்களையும் அதுவே போய் எடுத்து வரும், அவற்றின் முகவரிகள் உங்கள் ஜாவா நிரலின் கண்ணில் படவே மாட்டா. அதன் வளர்ச்சியும் நின்றுவிட்டது. கணினியில் உள்ள கோப்புகளைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டையே 0.12.6 பதிப்பில்தான் இயல்புநிலை ஆக்கினார்கள். உங்களிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டுப் பதிப்பென்றால் அந்தக் கவலையும் சேர்த்து உண்டு.

டிஎன்எஸ் (வலைப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் முறை) விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. சரிபார்க்கும் நேரத்தில் ஒரு பெயருக்கு வெளி முகவரியையும், எடுத்து வரும் நேரத்தில் அதே பெயருக்கு உள் முகவரியையும் தருவது. ஜாவா ஒரு பெயரின் முகவரியை வழக்கமாக 30 விநாடி நினைவில் வைத்திருப்பதால், சரிபார்ப்பதும் எடுத்து வருவதும் ஒரே ஜாவா நிரலாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். உங்களிடம் சரிபார்ப்பது ஒன்று, எடுத்து வருவது வேறொன்று என்பதால் அந்தச் சலுகையும் இல்லை.

ஆகவே நிரலில் நீங்கள் செய்ய வேண்டியது தடைப் பட்டியல் அன்று. சீட்டு வடிவம் தரும் வாங்குபவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் என்றால், அவர்களின் பெயர்களை மட்டும் முழுப் பெயராக ஒப்பிட்டு அனுமதியுங்கள். அதைவிட நல்லது, முகவரி வாங்குவதையே விட்டுவிட்டு, வடிவத்தை ஒரு கோப்பாகப் பதிவேற்றச் சொல்லி, உட்சட்டங்களையும் வெளிப் படங்களையும் களைந்துவிட்டு வைத்துக்கொள்வது.

மண்டபம்முனை | மே 23, பகல் 11.30

அந்தப் பத்து இலக்க எண்ணை எழுதினேன். அறை 3: கதவு மூடியுள்ளது என்று வந்தது. வாங்குபவர்கள் பதினொரு பேர். கோப்பாகப் பதிவேற்றச் சொல்லலாம் என்றாலும், பதினொரு பேரையும் இந்தப் பருவத்துக்குள் மாற்ற வைப்பது என்னால் ஆகாது. இப்போதைக்கு அனுமதிப் பட்டியல் போடுகிறேன்.

கீழக்கரையான் | மே 23, மாலை 5.00

சகோதரி எழுதியதில் ஒரு எழுத்தும் தவறில்லை, ஆயினும் அவர் சொன்னவை அனைத்தும் நிரலுக்குள் செய்யும் வேலை. நிரலில் இன்னொரு ஓட்டை நாளை வரும். அந்தச் சர்வர் எதற்காகக் குளிரறைப் பெட்டியோடு பேச முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள், தம்பி. விலைப்பட்டியல் போடும் இயந்திரத்துக்கும் குளிரறைக்கும் என்ன உறவு? இரண்டும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருப்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

சர்வரைத் தனி விலேனில், அதாவது அதே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில், ஒதுக்குங்கள். அதிலிருந்து கிளம்பும் எதுவும், பெயர் சொல்லி அனுமதித்தால் ஒழிய, எங்கும் போகக்கூடாது என்று ஃபயர்வாலில் விதி எழுதுங்கள். தரவுத்தளத்துக்கு ஒரு வழி, மின்னஞ்சலுக்கு ஒரு வழி, அச்சுப்பொறிக்கு ஒரு வழி. இணையத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு ப்ராக்ஸியின் (இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சர்வர்) வழியாக, அந்தப் பதினொரு பெயர்களுக்கு மட்டும். உள்ளே வருவதற்கு நாற்பது விதிகள் எழுதியிருப்போம், வெளியே போவதற்கு அனைத்தும் அனுமதி என்ற ஒரே விதி இருக்கும். நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் முதல் நாள் கண்டது அந்த ஒரு விதியைத்தான்.

ஆனால் எடுத்த எடுப்பில் அடைத்துவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தில் நானே அதைச் செய்து, சுங்கத் தாக்கல் நின்றுபோய், ஒரு கப்பல் சரக்கு துறைமுகத்தில் இரண்டு நாள் கிடந்தது. முதலில் ஒரு வாரம் தடுக்காமல், சர்வரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இணைப்பையும் லாகில் மட்டும் பதியுங்கள். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்வது இந்தச் சர்வர் வழியாகவா, அலுவலகக் கணினி வழியாகவா என்பதை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடையுங்கள்.

முன்னால் அப்பாச்சி என்ற வலைச் சர்வரை நிறுத்தி 7001-ஐ மறைத்துவிட்டால் போதும் என்று எவராவது சொல்வார்கள். மறைப்பது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அப்பாச்சியின் ப்ராக்ஸி மாட்யூலிலேயே சிவிஇ-2021-40438 என்ற எஸ்எஸ்ஆர்எஃப் இருந்தது, 2.4.48 வரை பாதிப்பு, 2.4.49-இல் தீர்வு. அந்த 2.4.49-இல் வேறொரு பெரிய ஓட்டை திறந்து, 2.4.50-இல் அரைகுறையாக அடைத்து, 2.4.51-இல்தான் முடித்தார்கள். மூன்று வாரத்துக்குள் அவ்வளவும் நடந்தது.

வாடைக்காற்று | மே 23, இரவு 8.45

குளிரறைக் கதை என்னையும் சற்று அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் இரண்டு இடங்களிலும் அதே வகைப் பெட்டிதான் சுவரில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக இந்தப் பழைய சர்வரைக் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் குளிரறை ஒரு பக்கம், சர்வர் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுமே? 10.3.6-க்கு நீட்டித்த ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

தென்கடல் | மே 24, காலை 6.30

மாற்ற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த ஓட்டையோடு மாற்றினால் குளிரறையைவிடப் பெரிய பொருள் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அமேசான், கூகுள், அஸூர் போன்ற கிளவுடுகளில் உள்ள ஒரு சர்வர் 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டால், அந்தச் சர்வரைப் பற்றிய விவரங்கள் கிடைக்கும். சர்வருக்கு அதிகாரம் ஏதேனும் ஒதுக்கியிருந்தால் அதற்கான தற்காலிகச் சாவிகளும் அங்கேயே கிடைக்கும். அமேசானின் பழைய முறையில் அந்த முகவரிக்குச் சாதாரணக் கோரிக்கை ஒன்று போனாலே போதும். பெட்டிச் சீட்டில் வெப்பநிலை அச்சான இடத்தில் அந்தச் சாவி அச்சாகியிருக்கும்.

2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்தது அதுதான். தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு வலைப் பயன்பாட்டு ஃபயர்வாலை அந்த முகவரிக்குக் கோரிக்கை அனுப்ப வைத்து, கிடைத்த சாவிகளைக் கொண்டு சேமிப்பகங்களைத் திறந்தார்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் போயின. அடுத்த ஆண்டு ஒழுங்குமுறை அமைப்பு விதித்த அபராதம் மட்டும் 8 கோடி டாலர். காவலுக்கு நிறுத்திய ஃபயர்வாலே ஏவலாளாகப் போனதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2019 நவம்பரில் அமேசான் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் முதலில் புட் என்ற வகைக் கோரிக்கையைத் தனித் தலைப்போடு அனுப்பி ஒரு டோக்கன் வாங்க வேண்டும், அதிகம் போனால் ஆறு மணி நேரம் செல்லும், பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் அதைக் காட்ட வேண்டும். ஏதோ ஒரு முகவரியை எடுத்துவா என்று மட்டும் சொல்ல முடிகிற எஸ்எஸ்ஆர்எஃப் ஓட்டையால் புட் அனுப்பவோ தலைப்பைச் சேர்க்கவோ பெரும்பாலும் முடியாது. கூகுளும் அஸூரும் இதே எண்ணத்தில் தனித் தலைப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் அமேசானில் பழைய முறை அணைந்து, புதியது மட்டும் என்று அமைந்திருந்தால்தான் பயன். இரண்டும் திறந்திருந்தால் வருபவர் பழைய வழியில்தான் வருவார்.

வாடைக்காற்று | மே 24, காலை 9.20

இதை நான் அறிந்திருக்கவில்லை. நன்றி, தென்கடல். என் இரண்டு இடங்களிலும் இன்று குளிரறைப் பெட்டிக்குக் கடவுச்சொல் போடப் போகிறேன். பெட்டியில் அந்த வசதி இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மண்டபம்முனை | ஜூன் 6, இரவு 10.15

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யூடிடிஐ தொடர்பான இரண்டு தொகுப்புகளையும் சர்வரிலிருந்து நீக்கிவிட்டேன். நீக்கியதால் எங்கள் மென்பொருளில் ஒன்றும் குறையவில்லை. 7001 இப்போது வெளியே தெரிவதில்லை. குளிரறைப் பெட்டியையும் எடை இயந்திரங்களையும் வேறு விலேனுக்கு மாற்றியாயிற்று. பெட்டியில் கடவுச்சொல் வசதி இருந்தது. நிறுவிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

காக்கா சொன்னபடி ஒரு வாரம் லாக் மட்டும் எடுத்தேன். ஐஸ்கேட் அலுவலகக் கணினி வழியாகப் போகிறது என்பது உறுதியானது. பிறகு அடைத்தேன். முதல் நாள் அச்சுப்பொறி ஒன்று நின்றது, அதற்கு ஒரு விதி எழுதினேன். வேறு சேதம் இல்லை. உள் முகவரியைப் பத்து இலக்கமாகவும், திருப்பிவிட்டும், உட்சட்டம் வைத்தும் கொடுத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் வெற்றுச் சதுரம்தான் அச்சாகிறது, ஃபயர்வால் லாகில் மூன்று மறுப்புகள் பதிகின்றன.

கீழக்கரையான் | ஜூன் 7, காலை 7.40

மாஷா அல்லாஹ். இன்னும் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். அனுமதித்த பதினொரு பெயர்களும் இன்றும் அந்தந்த வாங்குபவரிடமே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்களா?

மண்டபம்முனை | ஜூன் 7, மாலை 4.25

பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன், காக்கா. பத்துப் பெயர்கள் சரியாக இருக்கின்றன. பதினோராவது, மூன்று ஆண்டுகளுக்கு முன் வியாபாரத்தை நிறுத்திவிட்ட ஒருவருடையது. கணக்கு மட்டும் எங்கள் மென்பொருளில் உயிரோடு இருந்ததால் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அந்த டொமைன் காலாவதியாகி, எவர் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலையில் கிடக்கிறது. விலை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், கணக்கையும் முடக்கிவிட்டேன்.